பிளேஆஃப் பேஸ்பால்: சொந்த மைதானத்தையும் மேனேஜர் முடிவையும் எடைபோடுவது எப்படி

பட்டத்துக்கான பிளேஆஃப் சுற்றுகளோடு அக்டோபர் பிறந்தால் அமெரிக்க பேஸ்பால் ரசிகர்களுக்குள் இரண்டு சண்டைகள் தவறாமல் வரும். 'கடைசி ஆட்டம் மட்டும் நம்ம ஊர்ல நடந்திருந்தா ஜெயிச்சிருப்போம்' என்பது ஒன்று. 'நல்லா போட்டுக்கிட்டிருந்த பிட்சரை ஏன் எடுத்தான்?' என்று மேனேஜரைத் திட்டுவது மற்றொன்று (பிட்சர் பந்து வீசுபவர், மேனேஜர் ஆட்டத்தில் முடிவெடுக்கும் தலைமைப் பயிற்சியாளர்). ஒரு துண்டுத் தாள் இருந்தால் இரண்டையும் கணக்குப் போட்டே பார்க்கலாம். போட்டுப் பார்த்தால் முதல் சண்டை பெரும்பாலும் சிறுத்துப்போகும். இரண்டாவதில்தான் விஷயம் இருக்கிறது.

மைதானக் கணக்கு

எந்தச் சுற்றில் எத்தனை ஆட்டம் எங்கே என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். 2022 முதல் அமெரிக்கன், நேஷனல் என்ற இரு லீகுகளிலிருந்து லீகுக்கு 6 அணிகள், மொத்தம் 12. வைல்டு கார்டு சுற்று மூன்று ஆட்டத் தொடர். மூன்றுமே தரவரிசையில் மேலே உள்ள அணியின் ஊரில். டிவிஷன் தொடர் ஐந்து ஆட்டம், 2-2-1 (மேல் அணியின் ஊரில் 2, எதிரணியின் ஊரில் 2, மறுபடி மேல் அணியின் ஊரில் 1). லீக் சாம்பியன்ஷிப்பும், இரு லீக் சாம்பியன்கள் மோதும் இறுதியான உலகத் தொடரும் ஏழு ஆட்டம், 2-3-2. உலகத் தொடரில் அந்தக் கூடுதல் ஆட்டம், சீசனில் நல்ல வெற்றிக் கணக்கு வைத்திருக்கும் அணிக்கு. இது 2017-இல் வந்த விதி. 2003 முதல் 2016 வரை ஆல்-ஸ்டார் ஆட்டத்தில் ஜெயித்த லீகுக்கு அதைக் கொடுத்தார்கள். ஒரு காட்சி ஆட்டத்தை நம்பி அப்படிச் செய்ததை இன்று நினைத்தாலும் சிரிப்புதான் வருகிறது.

இனி எண்கள். சீசன் முழுக்கப் பார்த்தால் உள்ளூர் அணி 100 ஆட்டங்களில் 53 அல்லது 54 ஜெயிக்கிறது. 54 என்றே வைத்துக்கொள்வோம். இரு அணிகளும் சம பலம். ஏழு ஆட்டத் தொடரில் முதல் 6 ஆட்டங்கள் ஆளுக்கு மூன்றாகப் பிரிந்துவிடுவதால் அங்கே யாருக்கும் லாபமில்லை. வித்தியாசமெல்லாம் ஏழாவது ஆட்டத்தில்தான், அதுவும் நடந்தால். தொடர் 3-3 என நிற்கும் வாய்ப்பு ஏறக்குறைய 31%. அந்த ஆட்டத்தில் கிடைக்கும் கூடுதல் பலம் 4%. பெருக்கினால் 1.25. ஆக, 50% வாய்ப்பு 51.25% ஆகிறது, அவ்வளவே. ஐந்து ஆட்டத் தொடருக்கு இதே வழியில் 51.5% வரும். மூன்று ஆட்டமும் ஒரே ஊரில் நடக்கும் வைல்டு கார்டில் மட்டும் 56%.

அந்த 56-ஐயும் கல்வெட்டு மாதிரி நம்ப வேண்டாம். 2022 முதல் 2025 வரை நடந்த 16 வைல்டு கார்டு தொடர்களில் உள்ளூர் அணி ஜெயித்தது 7. கணக்குப்படி 9 வந்திருக்க வேண்டும். இரண்டு குறைந்ததை வைத்து 'சொந்த மைதானமே சாபம்' என்று கிளம்புவதும் தப்பு. 16 தொடர் எதையும் நிரூபிக்காது. 2019 உலகத் தொடரில் வாஷிங்டன் நேஷனல்ஸ், ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் மோதிய 7 ஆட்டங்களையும் வெளியூர் அணியே ஜெயித்தது. 1987-இல் மினசோட்டா ட்வின்ஸ், செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் தொடரில் ஏழையும் உள்ளூர் அணி ஜெயித்தது.

அந்த ட்வின்ஸ் வேறு ரகம். சீசனில் உள்ளூரில் 56 வெற்றி 25 தோல்வி. வெளியூரில் 29 வெற்றி 52 தோல்வி. இப்படிப்பட்ட அணிக்கு 54-ஐப் போட்டால் கணக்கு பிசகும், அணியின் சொந்த எண்ணைப் போட வேண்டும். ஆனால் 81 ஆட்டத்து எண்ணை அப்படியே போடாதீர்கள். அதில் அதிர்ஷ்டமும் கலந்திருக்கும், பொதுச் சராசரியை நோக்கிப் பாதியாவது இறக்கிக்கொள்ளுங்கள்.

கிரிக்கெட் பார்த்துப் பழகியவர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. பேஸ்பாலில் டாஸ் கிடையாது. உள்ளூர் அணி எப்போதும் இரண்டாவதாகத்தான் பேட் பிடிக்கும். கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸில் முன்னிலையில் இருந்தால் அது பேட்டே பிடிக்காது. அதனால் உள்ளூர் ரன்னையும் வெளியூர் ரன்னையும் மொத்தமாக ஒப்பிட்டால் உள்ளூர் அணி மட்டமாகத் தெரியும். பேட் பிடித்த இன்னிங்ஸ்களால் வகுத்த பிறகே ஒப்பிட வேண்டும்.

கடைசி பேட்டும் குளோசரும்

மைதானமும் மேனேஜரும் நேரடியாக முட்டிக்கொள்ளும் இடம் இது. ஒன்பதாவது இன்னிங்ஸ் சமநிலையில் இருக்கிறது. உள்ளூர் அணி இனி ஒரு ரன் எடுத்து முந்தினாலே ஆட்டம் முடிந்துவிடும், அதற்குப் பிறகு காப்பாற்ற முன்னிலை என்று ஒன்று இருக்காது. ஆகவே உள்ளூர் மேனேஜர் தயங்காமல் குளோசரை (கடைசியில் முன்னிலையைக் காக்க வைத்திருக்கும் பிட்சரை) இறக்குவார். வெளியூர் மேனேஜருக்கோ 'முன்னிலை கிடைத்தால் அதைக் காக்க ஆள் வேண்டுமே' என்று கை கட்டிப்போகும். ஆனால் அவர் பந்து வீச வைக்கும்போது ஒரே ஒரு ரன் விழுந்தாலும் கதை முடிந்தது. பிளேஆஃபில் கூடுதல் இன்னிங்ஸுக்கு இரண்டாவது பேஸில் (ரன் எடுக்க வரிசையாகத் தொட வேண்டிய முனைகளில் ஒன்று) இலவசமாக ஆள் நிறுத்தும் விதியும் இல்லாததால், அந்த முன்னிலை எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

2016 அமெரிக்கன் லீக் வைல்டு கார்டு ஆட்டம் இதற்கு நல்ல உதாரணம். டொராண்டோவில் 2-2, பதினோராவது இன்னிங்ஸ். பால்டிமோர் மேனேஜர் பக் ஷோவால்டரின் புல்பென்னில் (மாற்று பிட்சர்கள் காத்திருக்கும் இடம்) குளோசர் ஸாக் பிரிட்டன் உட்கார்ந்திருக்கிறார். அந்த சீசனில் 47 சேவ் (முன்னிலையைக் காத்து ஆட்டத்தை முடிப்பது) வாய்ப்பில் 47-ம் முடித்தவர், ஈஆர்ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்கு விட்ட ரன் சராசரி) 0.54. வீசியது உபால்டோ ஹிமெனஸ். எட்வின் என்கார்னாசியோன் மூன்று ரன் ஹோம் ரன் (கிரிக்கெட்டின் சிக்ஸர் மாதிரி) அடித்தார், பிரிட்டன் ஒரு பந்தும் போடாமல் சீசன் முடிந்தது. வெளியூரில் சமநிலை என்றால் இருப்பதில் சிறந்த ஆளை முதலில் செலவழிக்க வேண்டும். இதில் மறுபேச்சுக்கு அதிக இடமில்லை.

பிட்சர் மாற்றத்தை எடைபோடும் தாள்

மேனேஜர் அணி உட்காரும் குழியிலிருந்து எழுந்து நடக்கும்போதே எழுதுங்கள். அடுத்த பந்து விழுந்த பிறகு எழுதினால் தாளுக்கு மதிப்பில்லை. குறிக்க வேண்டியவை: இன்னிங்ஸ், அவுட், பேஸில் யார், ஸ்கோர். நிற்கும் பிட்சர் எத்தனை பந்து போட்டார், இதே பேட்டர்களை எத்தனையாவது முறை சந்திக்கப் போகிறார். வரவிருக்கும் மூன்று பேட்டர்கள் இடக்கையா வலக்கையா. புல்பென்னில் யார் தயார், அவர்கள் கடைசியாக எப்போது வீசினார்கள்.

மூன்று பேட்டர் என்பதற்குக் காரணம் உண்டு. 2020 முதல், இறங்கும் பிட்சர் மூன்று பேரையாவது சந்திக்க வேண்டும், இல்லையேல் அந்த அரை இன்னிங்ஸை முடிக்க வேண்டும். வெளியே போனவர் திரும்பி வர முடியாது என்பதையும் மறக்காதீர்கள். கிரிக்கெட் மாதிரி இரண்டாவது ஸ்பெல் இல்லை.

2024 உலகத் தொடர் முதல் ஆட்டத்தை இந்தத் தாளில் நிரப்பிப் பாருங்கள். லாஸ் ஏஞ்சலஸில் பத்தாவது இன்னிங்ஸ், யாங்கீஸ் 3-2 முன்னிலை, ஒரு அவுட், இரண்டு பேர் பேஸில். அடுத்து வருவது லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸின் ஒட்டானி (இடக்கை), பெட்ஸ் (வலக்கை), ஃப்ரீமன் (இடக்கை). மேனேஜர் ஆரன் பூன் அழைத்தது இடக்கை நெஸ்டர் கோர்டெஸை. ஒட்டானி முதல் பந்திலேயே கேட்ச். பிடித்த வெர்டூகோ ஸ்டாண்டுக்குள் விழுந்ததால் ஓட்டக்காரர்கள் ஒரு பேஸ் நகர்ந்தார்கள். பெட்ஸுக்கு வேண்டுமென்றே வாக், அதாவது அடிக்க விடாமல் முதல் பேஸைக் கொடுத்தார்கள். அடுத்த பந்து, ஃப்ரீமனின் கிராண்ட் ஸ்லாம், மூன்று பேஸிலும் ஆள் இருக்க அடித்த ஹோம் ரன். பேட்டர் வரிசைப்படி இடக்கையரை எடுத்தது சரிதான். தாளின் கடைசி வரிதான் உறுத்துகிறது: கோர்டெஸ் 37 நாட்களாக ஆட்டத்தில் வீசவில்லை, இன்னொரு இடக்கையர் டிம் ஹில் தயாராக இருந்தார். 'ஹோம் ரன் போனதால் தப்பு' என்பது வாதமே ஆகாது. 'ஹில் இருக்கையில் கோர்டெஸ் ஏன்' என்பதுதான் வாதம்.

மாற்று ஆளின் பெயரைச் சொல்லாமல் மேனேஜரைத் திட்டுவது பெரும்பாலான விவாதங்களைக் கெடுக்கும் பிழை. 2020 உலகத் தொடரின் ஆறாவது ஆட்டத்தில் டாம்பா பே மேனேஜர் கெவின் கேஷ், 73 பந்தில் 9 ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டர் அவுட்) எடுத்திருந்த பிளேக் ஸ்னெலை 1-0 முன்னிலையில் வெளியேற்றினார். அவர் சொன்ன காரணம், அதே பேட்டர்களை மூன்றாவது முறை சந்திக்க வேண்டாம் என்பது. மூன்றாவது முறையில் பேட்டர்கள் பொதுவாக நன்றாக அடிப்பது உண்மை. ஆனால் அன்று அடுத்து வரவிருந்த மூவரும் ஸ்னெலிடம் 6 முறை வந்து 6 முறையும் ஸ்ட்ரைக்அவுட் ஆனவர்கள். அதைவிட முக்கியம், பதிலுக்கு வந்த நிக் ஆண்டர்சன் அதற்கு முந்தைய 6 பிளேஆஃப் ஆட்டங்களிலும் ரன் விட்டவர். முன்னிலை அந்த இன்னிங்ஸிலேயே போய்விட்டது.

இதற்கு நேர் எதிர் 2003 அமெரிக்கன் லீக் சாம்பியன்ஷிப்பின் ஏழாவது ஆட்டம். பாஸ்டன் மேனேஜர் கிரேடி லிட்டில், எட்டாவது இன்னிங்ஸில் களைத்திருந்த பெட்ரோ மார்டினஸை எடுக்காமல் விட்டார்; 5-2 முன்னிலை 5-5 ஆனது, பதினோராவது இன்னிங்ஸ் ஹோம் ரன்னில் யாங்கீஸ் ஜெயித்தது. அடித்தவர், மேலே சொன்ன அதே ஆரன் பூன். இரண்டு இரவுகளையும் ஒரே தாளில் அருகருகே எழுதி, 'பதிலுக்கு யார் இருந்தார்' என்ற வரியை மட்டும் ஒப்பிடுங்கள். பெட்ரோவுக்குப் பதில் டிம்லினும் எம்ப்ரீயும் இருந்தார்கள், அந்த அக்டோபரில் இருவருமே அருமையாக வீசிக்கொண்டிருந்தார்கள்.