அலமாரியில இருக்குற பழைய கண்ணாடி சாமான் யார் செஞ்சது, எந்தக் காலம்னு கண்டுபிடிக்கிறது எப்படி

கீழக்கரை, தொண்டி, பாம்பன் பக்கம் பழைய வீடுகள்ல அலமாரிய தெறந்தா சர்பத் கிளாஸ், ஜாடி, சோடா பாட்டில்னு என்னென்னமோ இருக்கும், கேட்டா "எங்க பாட்டன் கொழும்புல இருந்து கொண்டாந்தது, நூறு வருசமாச்சு"ன்னுதான் சொல்லுவாங்க. சிலது நெசந்தான், நெறைய சாமான் பின்னாடி சபுராளிங்க (வெளிநாட்டுக்கு சம்பாதிக்கப் போனவங்க) துபாய்ல இருந்து பெட்டியில கட்டிட்டு வந்தது. கதைய ஓரமா வச்சுட்டு சாமான கவுத்துங்க.

அடியில எழுத்து இருக்கான்னு பாக்க மேல இருந்து டார்ச் அடிச்சா ஒண்ணும் தெரியாது, பக்கவாட்டுல அடிங்க, நிழல் விழுந்து எழுத்து தூக்கலாத் தெரியும், இல்லன்னா விரலால தடவிப் பாருங்க. கம்பெனி பேரு வெளங்கலன்னாலும் விடுங்க, நாட்டுப் பேரு போதும். செக்கோஸ்லோவாக்கியான்னு இருந்தா 1918ல இருந்து 1992க்குள்ள, மேற்கு ஜெர்மனின்னா 1949ல இருந்து 1990க்குள்ள. 'ஆக்குபைடு ஜப்பான்'னு போட்டிருந்தா யுத்தம் முடிஞ்சு அமெரிக்காக்காரன் அங்க உக்காந்திருந்த காலம், 1952க்கு அப்புறம் அப்படிப் போட வேலையே இல்ல. இந்த மாதிரி சாமான பத்திரமா வைங்க.

நம்ம பக்கத்து பாட்டிலுக்கு இன்னும் சுலபம். அட்ரஸ்ல நாட்டுப் பேரு சிலோன்னு இருந்தா அநேகமா 1972க்கு முந்தினது, அந்த வருசந்தான் ஸ்ரீலங்கான்னு மாத்துனாங்க (கம்பெனி பேருல சிலோன் இருந்தா கணக்குல எடுக்காதீங்க, அத இன்னைக்கும் வச்சிருக்காங்க). நம்ம நாட்டு அட்ரஸ்ல பின்கோடு இருந்தா 1972 ஆகஸ்டுக்குப் பிந்தினது, யாரு வெள்ளக்காரன் காலத்துதுன்னு சத்தியம் பண்ணாலும் நம்பாதீங்க. மில்லி கணக்கு இல்லாம அவுன்ஸ் மட்டும் இருந்தா பழசா இருக்க வாய்ப்பு அதிகம்.

டூராலெக்ஸ் டீ கிளாஸ் அடியில ஒரு நம்பர் இருக்கும், அத வச்சு வயச கணக்குப் போடுறாங்க, அது வார்ப்பு அச்சோட நம்பர், வயசுக்கும் அதுக்கும் சம்பந்தம் கிடையாது. அந்த பிரெஞ்சு கம்பெனி ஆரம்பிச்சதே 1945ல, அப்ப 1930ல ரங்கூன்ல வாங்குனதுன்னா எப்படி?

எழுத்தே இல்லாத பாட்டில்னா அச்சோட கோட்டப் பாருங்க. உடம்புல ரெண்டு பக்கமும் மெலிசா ஒரு கோடு ஏறும். அது வாய் விளிம்பு வரைக்கும் ஏறிப் போனா மிஷின்ல செஞ்சது, அமெரிக்காவுல ஓவன்ஸ் மிஷின் வந்ததே 1903 வாக்குல, அதுக்கப்புறந்தான் இது பரவுச்சு. கழுத்தோட கோடு நின்னுபோச்சுன்னா வாயி கையால முடிச்சது, பொதுவா அதுக்கு முந்தினது. ஆனா கோலி சோடா பாட்டிலுக்கு இத மட்டும் நம்பாதீங்க, கோலிய உள்ள போட்டுட்டு அப்புறந்தான் வாய சுருக்கி முடிக்கணும், அதனால புதுசுலயும் வாய்க்கிட்ட தனி வேலை இருக்கும். இங்கிலாந்துல ஹிராம் காட் 1872ல பேட்டன்ட் எடுத்த அதே வடிவத்த இன்னைக்கும் நம்ம நாட்டுல செய்யுறாங்க, வடிவத்த வச்சு மட்டும் காசு கொடுக்காதீங்க. சோடா கம்பெனி பேரும் ஊரும் கண்ணாடியிலயே பொடச்சு இருக்கான்னு பாருங்க, ஆனா அது பெரும்பாலும் சோடா நெரப்புனவன் பேரு, பாட்டில் செஞ்சவன் அடையாளம் தனியா அடியிலயோ கீழ் விளிம்புலயோ சின்னதா இருக்கும்.

அப்புறம் தேய்மானம். வருசக்கணக்கா பொழங்குன கிளாஸ்ல, தரையில படுற வளையத்துல மட்டும் கீறல் நாலா பக்கமும் தாறுமாறா ஓடும், உப்புத்தாள் போட்டு பழசாக்குனதுல எல்லாம் ஒரே திசையில இருக்கும். உள்ள குமிழி இருக்குறதெல்லாம் ஒரு ஆதாரமே இல்ல, புதுசுலயும் வரும்.

தனுஷ்கோடி கரையில பொறுக்குன மங்கலான துண்டு எல்லாமே 1964 புயலுக்கு முந்தினதுன்னு விக்கிறவங்களும் இருக்காங்க, மணலும் அலையும் எந்தக் கண்ணாடியையும் அப்படி ஆக்கிரும், போன தலைமுறை பீர் பாட்டில் உட்பட. வாய்த் துண்டோ எழுத்து உள்ள அடித் துண்டோ கெடச்சா எடுங்க, வெறும் பக்கத் துண்ட வச்சு காலம் சொல்ல முடியாது.