புது லேடெக்ஸ் மெத்தையில் குறையா? கண்டுபிடிப்பதும் மாற்றிக் கேட்பதும்

மெத்தையில் ஏதோ சரியில்லை என்று தோன்றியதும் கிழிந்த இடத்தில் பசை தடவுவதும் உறையைக் கழற்றித் துவைப்பதும்தான் பலர் செய்யும் முதல் வேலை. இரண்டையும் செய்யாதீர்கள். பசை பட்ட மெத்தையையும் துவைத்துச் சுருங்கிய உறையையும் விற்றவர் திரும்ப எடுக்க மறுக்கலாம். முதலில் கண்ணால் பாருங்கள், பிறகு அளந்து படம் எடுங்கள்.

பிரிக்கும்போது

பெட்டியையும் பிளாஸ்டிக் உறையையும் குறைந்தது ஒரு மாதம் வைத்திருங்கள். அவற்றின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டில் மாடல், அளவு, பெரும்பாலும் எடையும் இருக்கும். அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக்கைக் கத்தியால் குத்திக் கிழிக்க வேண்டாம். கத்தரிக்கோலால் ஓரத்தில் மட்டும் வெட்டுங்கள். கத்தி நுனி பட்ட கீறலும் தொழிற்சாலையில் விழுந்த கீறலும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும்.

லேடெக்ஸ் கனமானது, துவளக்கூடியது. ஓரத்தைப் பிடித்து இழுத்தால் தன் எடையாலேயே கிழியும். இருவர் சேர்ந்து அடியில் கை கொடுத்துத்தான் நகர்த்த வேண்டும். சுருட்டி அழுத்தி அனுப்பிய மெத்தை முழு அளவுக்கு வர ஒன்றிரண்டு நாள் ஆகலாம், அதுவரை டேப் வைத்து அளக்காதீர்கள். ரப்பர் வாடை நல்ல காற்றோட்டத்தில் சில நாட்களிலிருந்து மூன்று வாரத்துக்குள் தணியும். வாடை போகட்டும் என்று வெயிலில் போடவே கூடாது. புற ஊதாக் கதிர் பட்ட லேடெக்ஸ் மஞ்சளாகி, இறுகி, தூளாக உதிரத் தொடங்கும். நீங்களே உண்டாக்கிய குறைக்கு வாரண்டி கிடைக்காது.

மேற்பரப்பைப் பார்ப்பது

உறைக்கு ஜிப் இருந்தால், திறக்கலாமா என்று வாரண்டி அட்டையில் முதலில் பாருங்கள். சில மெத்தைகளில் ஜிப் திறந்தாலே வாரண்டி போய்விடும். அனுமதி இருந்தால் மூன்று பக்கமும் திறந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

ரப்பர் பாலை நுரைக்க அடித்து, அச்சில் ஊற்றி, கந்தகம் சேர்ந்த கலவையைச் சூட்டில் இறுக வைத்துத்தான் லேடெக்ஸ் செய்கிறார்கள். அதனால் அச்சின் தடம் இருக்கத்தான் செய்யும். மெல்லிய கோடுகள், சின்னச் சின்னக் குழிகள், அச்சின் ஊசிகளால் விழும் ஊசித்துளைகளின் ஓரத்தில் சிறு பிசிறு, கிரீம் நிறத்தில் ஏற்ற இறக்கம் ஆகியவற்றைக் குறையாக எண்ண வேண்டாம். ஓரத்தில் ஒரு விரல் நீளக் கிழிசல்கூடப் படுக்கும்போது தெரியாது. பெரிய அளவு மெத்தைகளில் இரண்டு துண்டுகளை ஒட்டிய கோடும் இருக்கலாம். அந்தக் கோட்டின் இரு பக்கமும் உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். ஒரு பக்கம் கல்போலவும் மறுபக்கம் பஞ்சுபோலவும் இருந்தால் வெவ்வேறு உறுதியுள்ள துண்டுகளைச் சேர்த்துவிட்டார்கள் என்று சந்தேகிக்கலாம்.

புகார் செய்தே ஆக வேண்டியவை வேறு. முதுகோ இடுப்போ படும் இடத்தில் கட்டைவிரல் முழுதாக நுழையும் வெற்றிடம், துளையிலிருந்து துளைக்கு ஓடும் விரிசல், கையில் ஒட்டும் பிசுபிசுப்பு, தேய்த்தால் உதிரும் தூள். கடைசி இரண்டும் பொருள் சரியாக வேகவில்லை அல்லது வெயிலிலோ சூட்டிலோ கெட்டுவிட்டது என்பதன் அறிகுறி. வேகாத லேடெக்ஸைக் கண்டுபிடிக்க இன்னொரு வழியும் உண்டு. கட்டைவிரலால் 3 செ.மீ. ஆழத்துக்கு ஒரு நிமிடம் அழுத்தி விடுங்கள். நல்ல லேடெக்ஸ் உடனே எழும். தடம் சில நிமிடம் அப்படியே நின்றால் எங்கோ தவறு நடந்திருக்கிறது.

மேல்பக்கம் மென்மையாகவும் அடிப்பக்கம் சற்று உறுதியாகவும் இருக்கிறதா? டன்லப் முறையில் செய்த மெத்தையில் அது இயல்பு. ஊற்றிய நுரையில் கனமான பகுதி இறுகும் முன்பே அடியில் தங்கிவிடும். தலாலே முறையில் நுரையை வெற்றிடத்தில் விரியச் செய்து உறைய வைத்துவிடுவதால் இந்த வேறுபாடு குறைவு. பல அடுக்குள்ள மெத்தையில் அடுக்குகள் வரிசை மாறியிருக்கவும் வாய்ப்புண்டு. ரொம்பக் கடினமாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பும் முன் இதைச் சரிபாருங்கள். மேலே இருக்க வேண்டியது கீழே போயிருந்தால் மாற்றிப் போட்டாலே தீர்ந்துவிடும்.

பள்ளம் மெத்தையிலா, கட்டிலிலா?

அதிக நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். இங்கே தவறாக முடிவு செய்தால் மாற்றி வந்த மெத்தையிலும் அதே பள்ளம் விழும்.

மெத்தையை நீக்கிவிட்டுக் கட்டிலின் குறுக்குப் பலகைகளைப் பாருங்கள். இடைவெளி 7 செ.மீ.க்கு மேல் இருக்கக் கூடாது. இருந்தால் லேடெக்ஸ் அந்தச் சந்துகளில் இறங்கும். வளைந்த பலகை, நடுவில் தாங்கும் கால் இல்லாத அகலக் கட்டில் இரண்டும் நடுப்பள்ளத்தை உண்டாக்கும். குறுக்கே ஒரு நேரான கோலை வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

அடுத்து, மெத்தையைத் தலைப்பக்கம் கால்பக்கம் மாற்றி ஒரு வாரம் படுங்கள். பள்ளம் மெத்தையோடு சேர்ந்து இடம் மாறினால் குறை மெத்தையில். பழைய இடத்திலேயே நின்றால் கட்டிலில். இதில் ஒரு சிக்கல்: பள்ளம் சரியாக நடுவில் இருந்தால் மாற்றினாலும் நடுவில்தான் இருக்கும். அப்போது மெத்தையைச் சுத்தமான தரையில் இரண்டு மூன்று இரவு போட்டுப் பார்க்க வேண்டும். காலையில் நிமிர்த்தி வைத்து அடியில் காற்றுப்பட விடுங்கள், இல்லாவிட்டால் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும்.

அளப்பது எளிது. விரிப்பை எடுத்துவிட்டு, யாரும் படுக்காமல் நான்கைந்து மணி நேரம் விட்டு, மெத்தையின் குறுக்கே ஒரு நூலை இரு ஓரத்துக்கும் விறைப்பாக இழுத்துப் பிடியுங்கள். நூலிலிருந்து பள்ளத்தின் அடிவரை அளவுகோலை நிறுத்துங்கள், அழுத்தாதீர்கள். தோள், இடுப்பு, கால் என மூன்று இடத்தில் அளவு வேண்டும். எத்தனை செ.மீ. பள்ளத்தைக் குறையாக ஏற்பார்கள் என்பது வாரண்டி அட்டையில் இருக்கும், நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். உறையில் தைத்த பருத்தியோ கம்பளியோ அமுங்கியதால் வந்த பள்ளமும் உண்டு. வாரண்டியில் அனுமதி இருந்தால் உறையை நீக்கி லேடெக்ஸ் மேலேயே நேராக அளந்தால் வேறுபாடு தெரியும்.

எடையும் ஒரு சாட்சி

நிறுவனம் அடர்த்தியைச் சொல்லியிருந்தால் சரிபார்க்கலாம். 190 × 150 × 15 செ.மீ. லேடெக்ஸின் கன அளவு 0.4275 கன மீட்டர். அடர்த்தி கன மீட்டருக்கு 80 கிலோ என்றால், எடை ஏறத்தாழ 34 கிலோ இருக்க வேண்டும். ஊசித்துளைகளைக் கழிக்காத கணக்கா என்று விற்றவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஓரிரு கிலோ வேறுபாடு பெரிதல்ல. 34 வர வேண்டிய இடத்தில் 24 வந்தால் எழுத்தில் விளக்கம் கேளுங்கள். தளர்வாகச் சுருட்டிக் கட்டி, எடை மிஷின் மேல் ஒரு பலகை வைத்து நிறுத்தினால் எடை கிடைத்துவிடும். பலகையின் எடையைக் கழிக்க மறக்காதீர்கள். கொளுத்திப் பார்த்துத் தரம் காணும் வேலை மட்டும் வேண்டாம், லேடெக்ஸ் எளிதில் தீப்பிடிக்கும்.

புகார் எழுதும்போது

திருப்பி அனுப்பும் காலக்கெடு வேறு, வாரண்டி வேறு. முன்னதில் காரணம் பெரிதாகத் தேவைப்படாது, ஆனால் நாட்கள் குறைவு. அது முடிவதற்குள் எழுதிவிடுங்கள். பில் எண், வந்த தேதி, சீட்டின் படம், அளவுகோல் தெரியும்படி எடுத்த பள்ளத்தின் படம், கட்டில் பலகைகளின் படம் ஐந்தையும் சேருங்கள். கட்டிலின் படத்தை அவர்கள் எப்படியும் கேட்பார்கள், முதலிலேயே கொடுத்தால் ஒரு வாரம் மிச்சம். "வசதியாக இல்லை" என்று எழுதாமல், "இடுப்புப் பகுதியில் 4 செ.மீ. பள்ளம், தரையில் போட்டாலும் அப்படியே" என்று எழுதுங்கள். தொலைபேசியில் பேசினால் பேசியதை அன்றே மின்னஞ்சலிலும் அனுப்பிவையுங்கள்.

பதில் வரும்வரை மெத்தையில் கறை படாமல் பாதுகாப்பு உறை போட்டே படுங்கள், கறைபட்ட மெத்தையைத் திரும்ப எடுக்க மறுப்பவர்கள் உண்டு. படுத்தபின் தோலில் தடிப்போ மூச்சுத்திணறலோ வந்தால் காத்திருக்காதீர்கள். ரப்பர் பாலின் புரதம் சிலருக்கு ஒவ்வாமை தரும். அன்றே வேறு மெத்தையில் படுத்து மருத்துவரைப் பாருங்கள், புகாரிலும் அதைச் சேருங்கள்.

எடுத்துச்செல்ல ஆள் வரும்போது சுருட்டித்தான் தர வேண்டும், மடித்தால் மடிப்பில் பிளக்கும். ஒப்படைக்கும் நொடியில் நான்கு பக்கமும் ஒரு படம் எடுத்து, ஆள் கையெழுத்திட்ட ரசீதை வாங்கிக்கொள்ளுங்கள்.