பழைய பிஎம்டபிள்யூ வாங்கி சேலத்துல ஓட்டறவங்க பண்ற தப்பு: எல்லாம் நான் பண்ணதுதான்

போன ஞாயித்துக்கிழமை ஏற்காடு அடிவாரத்துல டீ குடிச்சுட்டு நிக்கிறேன், ஒரு வெள்ளை பென்ஸ் சி கிளாஸ் கார் வந்து ஓரங்கட்டுச்சு. ஓட்டிட்டு வந்தது இருபத்தஞ்சு வயசு இருக்கும் ஒரு பையன், பின்னாடி அவங்கம்மா, தங்கச்சி, மடியில ஒரு பெரிய டிபன் கேரியர். பானெட்டைத் தூக்கினான், துண்டைச் சுத்தி கூலன்ட் டேங்க் மூடியத் திருகினான், புஸ்ஸுனு ஒரு சத்தம், குடிக்கிற தண்ணி பாட்டில்ல இருந்து அரை பாட்டில் ஊத்தி மூடிட்டு கையத் தட்டிக்கிட்டான். பாத்ததும் எனக்கு அடிவயிறு கலங்கிருச்சு. "தம்பி, தண்ணி குறையுதா?"ன்னு கேட்டேன். "ஆமாங்கண்ணா, வாராவாரம் கொஞ்சம் எறங்கும், ஊத்திக்கிட்டா ஜம்முனு ஓடுது, ஒண்ணும் பிரச்சனையில்லீங்க"ன்னான்.

இதே வார்த்தைய, இதே சிரிப்போட, 2022-ல நானும் சொல்லிட்டுத் திரிஞ்சேன். அதுக்கு 1,87,000 ரூபா பில்லு கட்டினேன்.

நமக்கு செவ்வாய்பேட்டையில சின்னதா ஒரு கொலுசுப் பட்டறை. 2021-ல பெங்களூர்ல இருந்து 2013 மாடல் பிஎம்டபிள்யூ 320டி ஒண்ணு ஏழரை லட்சத்துக்கு எடுத்தேன், 82,000 கிலோமீட்டர் ஓடியிருந்துச்சு. இன்னும் அதைத்தான் ஓட்டறேன். டைம்க்கு ஆயில் மாத்து, டயருக்குக் காத்து பாரு, அதெல்லாம் இங்க எழுதல, ஸ்கூட்டி வச்சிருக்கறவங்களுக்கே தெரியும். காசக் கரைக்கிற தப்பு மட்டும் சொல்றேன்.

வாங்கற விலைதான் செலவுன்னு நெனைக்கறது

வண்டி விலை குறையும், பார்ட்ஸ் விலை குறையாது. நாப்பது லட்ச ரூபா வண்டி ஏழு லட்சத்துக்குக் கெடைக்குதுன்னா அதோட ஷாக் அப்சார்பர் இன்னும் நாப்பது லட்ச ரூபா வண்டியோட ஷாக் அப்சார்பர்தான். கையில பத்து லட்சம் இருந்தா ஏழரை, எட்டுக்கு வண்டி எடுங்க, மிச்சத்தத் தொடாம வைங்க, முதல் வருஷத்துலயே வேலை வந்துரும். பத்தும் போட்டு வாங்கிட்டு அப்புறம் நாலாயிரம் ரூபா சஸ்பென்ஷன் புஷ்ஷுக்கு யோசிச்சுட்டு லடக் லடக்குனு ஓட்டறவங்கள நெறைய பாத்துட்டேன்.

இன்னொண்ணு, எஃப்30-ல (என் வண்டி தலைமுறைக்கு கம்பெனி வச்ச கோடு) முதல்ல வந்த 320டி எடுக்கறவங்க காலையில வண்டி நல்லா ஆறி இருக்கும்போது போய் ஸ்டார்ட் பண்ணிக் கேளுங்க. அந்த என்47 இன்ஜின்ல டைமிங் செயின் கியர்பாக்ஸ் பக்கம் இருக்கு, அதை மாத்த கியர்பாக்ஸையோ இன்ஜினையோ எறக்கணும். இன்ஜினோட பின்பக்கம் இருந்து கரகரன்னு சத்தம் வந்தா அந்த செலவை விலையில கழிங்க, கழிக்கலேன்னா வேற வண்டி பாருங்க. விக்கறவர் முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி சூடாக்கி வச்சிருந்தா நாளைக்கு வரேங்கன்னு சொல்லிட்டு வந்துருங்க.

பெங்களூர் வண்டி சல்லிசுன்னு ஓடறது

ஃபார்ம் 28 என்ஓசி (வண்டிய வேற மாநிலத்துக்கு மாத்த அந்த ஊரு ஆர்டிஓ குடுக்கற தடையில்லாச் சான்று), நம்ம ஊரு ஆயுள் வரி, ஆர்டிஓ அலைச்சல், இதெல்லாம் சேத்துக் கூட்டிப் பாத்துட்டு சல்லிசான்னு சொல்லுங்க.

கூலன்ட் எறங்குதுன்னா தண்ணி ஊத்திக்கறது

இதைத்தான் சொல்ல வந்தேன், இன்னிக்கும் நெனச்சா எரிச்சலா வருது.

வண்டி வாங்கி ஏழெட்டு மாசத்துல மஞ்சள் கலர்ல கூலன்ட் லெவல் வார்னிங் வந்துச்சு. எனக்குத் தெரிஞ்ச மெக்கானிக் ஒருத்தர், பேரு வேண்டாம், பொதுவா நல்ல வேலைக்காரர்தான், "வெயிலுக்கு ஆவியாகுங்க, தண்ணி ஊத்திக்கலாம்"னு சொல்லி அவரு கடை போர் தண்ணியவே ஒரு சொம்பு ஊத்தி அனுப்பிட்டாரு. பழைய அம்பாசடர் ரேடியேட்டரா இருந்தா அவரு சொன்னது சரி. இந்த வண்டியில கூலிங் சிஸ்டம் முழுக்க மூடின சிஸ்டம், ஆவியாகி எங்கயும் போக வழியில்ல. லெவல் எறங்குதுன்னா எங்கயோ ஒழுகுது, இல்லேன்னா இன்ஜின் உள்ள போகுது. மூணாவது காரணம் கெடையாது.

அப்போ கீழ ஏன் ஒரு சொட்டுக்கூட தெரியலன்னு கேப்பீங்க, நானும் அப்படித்தான் தரையில அட்டையெல்லாம் விரிச்சுப் பாத்தேன். விஷயம் என்னன்னா வண்டி ஓடி சூடாகி சிஸ்டம்ல அழுத்தம் ஏறும்போது மட்டும்தான் அந்த மயிரிழை விரிசல் வாயத் திறக்கும், சூடான இன்ஜின் மேல பட்டதும் காஞ்சுரும், வண்டி ஆறினதும் விரிசல் மூடிக்கும். வெளிய தெரியறது காஞ்சு போன ஒரு வெள்ளைக் கறை, இல்லேன்னா லேசா இனிப்பா ஒரு வாசனை, அவ்ளோதான். எனக்கு அந்த வாசனை ரெண்டு மாசமா ஏசியில வந்துட்டே இருந்துச்சு, காருக்கு வச்ச பெர்ஃப்யூம்னு நெனச்சுட்டு இருந்தேன்.

அப்படியே ஊத்தி ஊத்தி ஓட்டிட்டு மே மாசம், கோடை விழா நேரம், மச்சான் குடும்பத்தையும் சேத்து ஏத்திக்கிட்டு ஏற்காடு கெளம்பினேன். அஞ்சு பேரு, ஏசி ஃபுல்லு, முன்னாடி பஸ்ஸு, ரெண்டாவது கியர்ல உருண்டு உருண்டு ஏறுது. என் வண்டியில கூலன்ட் டெம்பரேச்சருக்கு முள்ளே கெடையாது, வார்னிங் வந்தாத்தான் உண்டு. பதினாலாவது கொண்டை ஊசி வளைவு தாண்டினதும் மஞ்சள், ரெண்டு நிமிஷத்துல சிவப்பு, இன்ஜின் சூடாயிருச்சு நிறுத்துன்னு ஸ்கிரீன்லயே எழுதிக் காட்டுது. மொத்தமே 20 வளைவு, இன்னும் ஆறு வளைவுதானே, மேல போய் நிறுத்திக்கலாம்னு மிதிச்சேன் பாருங்க, அங்கதான் முடிஞ்சுது. மேல ஏரிக்குப் பக்கத்துல நிறுத்தும்போது சைலன்சர்ல வெள்ளைப் புகை, அடுத்த நாள் ஆயில் மூடியத் திறந்து பாத்தா உள்பக்கம் பால் டீ ஆடை மாதிரி ஒட்டியிருந்துச்சு, ஆயில்ல கூலன்ட் கலந்துருச்சுன்னு அர்த்தம்.

மலையில ஏன் மாட்டுச்சுன்னா, இந்த சிஸ்டம் அழுத்தத்துல இருக்கறதாலதான் 105, 110 டிகிரிலகூட உள்ள கொதிக்காம நிக்குது. விரிசல்ல அழுத்தம் போச்சுன்னா அந்த பலம் போச்சு. ஏற்காடு 1,500 மீட்டர் உயரம், அந்த உயரத்துல திறந்த பாத்திரத்துல பச்சைத் தண்ணி 95 டிகிரி கிட்டயே கொதிச்சுரும். நான் கூலன்ட்டை எல்லாம் சொம்பு சொம்பா தண்ணியாக்கி வேற வச்சிருந்தேன். ஊருக்குள்ள நாலு ரோட்டுக்கும் அஞ்சு ரோட்டுக்கும் ஓட்டுன வரைக்கும் தாக்குப் பிடிச்சது, ஏத்தத்துல விட்டுருச்சு.

சிலிண்டர் ஹெட்டை, அதாவது இன்ஜினோட மேல் பாகத்தைக் கழட்டி லேத்துக்கு எடுத்துட்டுப் போனப்ப நான் கூடவே போனேன். அந்த அண்ணன் ஸ்டீல் ஸ்கேலை ஹெட் மேல குறுக்க நிமித்தி வச்சாரு, இடைவெளி அளக்கற மெல்லிசுத் தகடு, ஃபீலர் கேஜ், ஒண்ண எடுத்து நடுவுல விட்டாரு, நூலு மாதிரி சல்லுனு உள்ள போயிருச்சு. என்னைத் திரும்பிப் பாத்து, "நீங்க வெள்ளி வேலைக்காரருங்களா? சூட்டுல உலோகம் என்னாகும்னு உங்களுக்கா தெரியாது?"ன்னாரு. வெள்ளி 961 டிகிரி, அலுமினியம் 660, இதெல்லாம் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன், உருகறதுக்கு ரொம்ப முன்னாடியே அலுமினியம் கோணிக்கும்னும் தெரியும், ஆனா பானெட்டுக்கு அடியில அதே அலுமினியம்தான் இருக்குன்னு ஸ்டியரிங் பிடிக்கும்போது தோணல.

ஹெட் ஃபேசிங் (கோணின ஹெட்ட மட்டமாக்கறது), கேஸ்கெட், புது ஹெட் போல்ட் (பழசத் திரும்பப் போடக் கூடாது), எறக்கினது எறக்கியாச்சுன்னு டைமிங் செயினும் மாத்தி, லேபர் எல்லாம் சேத்து அந்த 1,87,000. இன்சூரன்ஸ் கேட்டதுக்கு சிவப்பு வார்னிங் வந்தும் ஓட்டினது உங்க தப்பு, விபத்து இல்லேன்னுட்டாங்க, பாலிசியில அப்படித்தான் எழுதியும் இருக்கு. ஒழுகின எடம் எது தெரியுங்களா? தெர்மோஸ்டாட் கிட்ட ஒரு பிளாஸ்டிக் மூட்டு. பில்லுல அதுக்கு மட்டும் 3,800 ரூபா.

இப்ப என்ன பண்றேன்னா, லெவல் ஒரு தடவ எறங்கினா சரி பாக்கலாம், ரெண்டாவது தடவ எறங்கினா நேரா ஒர்க்‌ஷாப்ல பிரஷர் டெஸ்ட். டேங்க் மூடிக்குப் பதிலா ஒரு கைப்பம்பை மாட்டி அழுத்தம் ஏத்தி விட்டுருவாங்க, முள்ளு எறங்கினா ஒழுக்கு இருக்கு, டார்ச் அடிச்சுத் தேட வேண்டியதுதான், அரை மணி நேர வேலை. கூலன்ட் கான்சன்ட்ரேட் பாதி, டிஸ்டில்டு வாட்டர் பாதி, பேட்டரிக்கு ஊத்தறோமே அதே தண்ணி. போர் தண்ணி கண்டிப்பா வேண்டாம், மாமாங்கம் பக்கம் வெள்ளைக்கல் வெட்டற ஊரு நம்முது, பாத்ரூம் வாளியில படியற உப்பைப் பாருங்க, அதுதான் ரேடியேட்டர் குழாய்க்குள்ளயும் படியும். கலர் பாத்து கூலன்ட் வாங்காதீங்க, நீலமெல்லாம் ஒண்ணு கெடையாது, மேனுவல்ல என்ன ஸ்பெக் போட்டிருக்கோ அது, என் வண்டிக்கு ஜி48. முள்ளு இல்லாத வண்டின்னா ஓபிடி போர்ட்ல (மெக்கானிக் ஸ்கேனர் மாட்டற சாக்கெட்) சொருகற ப்ளூடூத் அடாப்டர் ஒண்ணு வாங்கிக்கங்க, போன்லயே டெம்பரேச்சர் தெரியும், மலை ஏறும்போது போனை ஹோல்டர்ல மாட்டி நான் அதைத்தான் பாத்துட்டுப் போவேன், பாட்டுகூட அப்புறம்தான்.

சிவப்பு வந்துட்டா? ஏசி ஆஃப், ஹீட்டர் ஃபுல், எடம் கெடைச்ச முதல் ஓரத்துல நிறுத்துங்க, இன்ஜின ஆஃப் பண்ணுங்க. ஆறு வளைவு இல்ல, அரை வளைவுகூட வேண்டாம். மூடியத் திறக்காதீங்க, மூஞ்சி வெந்துரும், சூட்டு இன்ஜின் மேல தண்ணியும் அடிக்காதீங்க. டோவ் வண்டி பத்தாயிரம் கேட்டாலும் குடுங்க.

அந்தத் தம்பிகிட்ட இதையெல்லாம் சொன்னேன், பாதிக் கதையிலயே அவங்கம்மா டிபன் கேரியரோட கீழ எறங்கிட்டாங்க. "நாம பஸ்ஸுலயே போலாம் சாமி, இந்த அண்ணன் சொல்றதக் கேளு"ன்னாங்க. வண்டிய அங்கயே டீக்கடை ஓரமா விட்டுட்டுப் போனாங்க.

"லைஃப்டைம்" கியர் ஆயில்

கம்பெனிக்காரன் லைஃப்டைம்னா அவன் கணக்குல எத்தனை வருஷம்னு கேக்கணும். கியர்பாக்ஸ் செஞ்ச இசட்எஃப் கம்பெனியே என் வண்டியில இருக்கற அந்த 8 ஸ்பீடு ஆட்டோமேட்டிக்குக்கு 80,000-ல இருந்து 1,20,000 கிலோமீட்டருக்குள்ள, இல்லேன்னா 8 வருஷத்துல ஆயில் மாத்தச் சொல்லுது. ஃபில்டர் தனியா வராது, அடியில இருக்கற பிளாஸ்டிக் சம்ப்போடவே சேந்து இருக்கும், முழுசா மாத்தணும். லெவல் பாக்கறப்ப ஆயில் 30 டிகிரிக்கு மேல 50-க்குள்ள இருக்கணும், அதனால ஸ்கேனர் இல்லாத எடத்துல இந்த வேலையக் குடுக்காதீங்க. நான் 95,000-ல மாத்தினேன், வந்த ஆயில் கருப்பட்டிக் காபி மாதிரி இருந்துச்சு.

"சென்சார் மாத்திப் பாப்போம்"

பாப்போம்ங்கறது உங்க காசு. ஸ்கேன் ரிப்போர்ட் கையில வாங்கிட்டு அப்புறம் பேசுங்க.

ஷோரூம் பேக்கிங்லதான் வாங்குவேன்னு அடம்

பிஎம்டபிள்யூ டப்பாவுக்குள்ள இருக்கற ஆயில் ஃபில்டர பெரும்பாலும் செய்யறது மான், மாஹ்லே மாதிரி கம்பெனிங்கதான், அவங்க டப்பாவுல அதே சாமான் கம்மி விலைக்கு வருது, சஸ்பென்ஷன் சாமானுக்கு லெம்ஃபோர்டர். ஆன்லைன் பார்ட்ஸ் கேட்டலாக்ல சேஸிஸ் நம்பரோட கடைசி 7 எழுத்தப் போட்டு 11 இலக்க பார்ட் நம்பர எடுத்துக்கங்க, அதை வச்சு மூணு எடத்துல விலை கேளுங்க. நம்பர் இல்லாம "320டி-க்கு ஒரு புஷ்ஷு குடுங்க"ன்னு கேட்டா வேற ஏதோ வரும், எனக்கு ரெண்டு தடவ வந்துச்சு. ஆனா பேரே தெரியாத சல்லிசு டப்பாவுக்கும் போயிராதீங்க, அது தனி நஷ்டம்.

எறக்கத்துல பிரேக்கையே மிதிச்சுட்டு வர்றது

ஏறின கியர்லயே எறங்குங்க, மேனுவல் மோடுன்னு ஒண்ணு அதுக்குத்தான் இருக்கு. கோரிமேடு வரும்போது டிஸ்க் வாடை அடிச்சா உங்க வண்டிதான்.

ஸ்டெப்னி இல்லேன்னு தெரியாம இருக்கறது

ரன்ஃபிளாட் டயர் (பஞ்சரானாலும் கொஞ்ச தூரம் ஓடற டயர்) விலையப் பாத்து மிரண்டு சாதா டயர் மாத்தினவங்க (நானும்தான், சவாரி மெத்துனு இருக்கு) டிக்கியில பஞ்சர் கிட்டும் சின்ன காத்து பம்பும் வச்சிருக்கணும். குப்பனூர் ரோட்டுல ராத்திரி ஒம்பது மணிக்கு பஞ்சர் கடை தேடிப் பாத்திருக்கேன்.

பிஎஸ்6 டீசல வீட்டுக்கும் கடைக்கும் மட்டும் ஓட்டறது

டிபிஎஃப், அதாவது புகையில வர்ற கரியப் பிடிக்கற ஃபில்டர், அடைச்சுக்கும். வாரம் ஒருக்கா ஓமலூர் ரோட்டுல ஒரு இருபது நிமிஷம் நிக்காம ஒரே வேகத்துல ஓட்டுங்க. தெனமும் மூணு கிலோமீட்டர்தான் ஓட்டம்னா பெட்ரோல் வண்டி எடுங்க.

எஸ்டேட்ல மரத்தடியில நிறுத்தறது

ஏற்காட்டுல காபித் தோட்டத்துக்குள்ள ரெண்டு நாள் தங்கினா சில்வர் ஓக் இலை வைப்பருக்கு அடியில போய் மெத்தை மாதிரி படிஞ்சுரும். அங்க தண்ணி வெளிய போற ஓட்டை இருக்கு, அது அடைச்சா அடுத்த மழையில தண்ணி கேபினுக்குள்ள எறங்கும், கார்ப்பெட்டுக்கு அடியில ஒயரு, கனெக்டரு எல்லாம் ஊறும். என் ஃப்ரெண்டு ஆடி ஏ4-ல பின்சீட்டு கால் வைக்கிற எடத்துல கையால அமுக்கினா மொளுக்குனு தண்ணி வந்துச்சு, சன்ரூஃப் டிரெயினும் அடைச்சிருந்துச்சு. கெளம்பறதுக்கு முன்னாடி பானெட்டத் தூக்கி ரெண்டு கை இலைய அள்ளிப் போடுங்க, போதும்.

புது பேட்டரி போட்டுட்டு ரெஜிஸ்டர் பண்ணாம விடறது

புது பேட்டரி போட்டாச்சுன்னு வண்டி கம்ப்யூட்டருக்குச் சொல்றதுதான் ரெஜிஸ்டர், ஸ்கேனர்ல அஞ்சு நிமிஷ வேலை. பண்ணலேன்னா வண்டி பழைய பேட்டரின்னு நெனச்சே சார்ஜ் ஏத்தும்.

இன்ஜினுக்கு வாட்டர் வாஷ்

பண்ணாதீங்க.