சாலைத் தரவை வழி தேடும் கிராஃப்பாக மாற்றுவது எப்படி?

யாரும் திருத்தக்கூடிய திறந்த உலக வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் ஒரு சாலை என்பது ‘வே’. நோட், அதாவது புள்ளி, எண்களின் வரிசை, அவ்வளவுதான்; அட்சரேகையும் தீர்க்கரேகையும் நோடில் இருக்கும். கிராஃப் என்பது முனைகளும் அவற்றை இணைக்கும் எட்ஜ்களும் கொண்ட வலை; எல்லா நோடையும் அதன் முனையாக்கினாலும் வேலை நடக்கும். ஆனால் வளைவைக் காட்ட வைத்த புள்ளிகளால் கிராஃப் சும்மா ஊதிப்போகும்.

அதனால் கோப்பை இரண்டு முறை படியுங்கள். முதல் சுற்றில் ‘ஹைவே’ டேக் (எந்த வகைச் சாலைக்கும் இடும் குறிச்சொல்) உள்ள வேக்களை மட்டும் எடுத்து, ஒவ்வொரு நோடும் எத்தனை தடவை வருகிறது என்று எண்ணுங்கள். காருக்கு என்றால் நடைபாதை, படிக்கட்டு, கட்டி முடியாத சாலை எல்லாவற்றையும் இங்கேயே கழித்துவிடுங்கள். இரண்டாம் சுற்றில் வேயை வெட்ட வேண்டும்: எண்ணிக்கை 2-ஐத் தொட்ட நோடுகளில் வெட்டு, இரு நுனிகளும் தாமாகவே முனைகள். 1, 2, 3, 4, 5 என்ற வேயில் 3 மட்டும் இன்னொரு சாலையிலும் வந்தால் 1–3, 3–5 என இரண்டு எட்ஜ் கிடைக்கும். 2-உம் 4-உம் நீளம் கணக்கிடவும் படத்தில் வரையவும் மட்டுமே. நோட் எண்ணை 64 பிட்டில் வையுங்கள். 32 பிட்டில் அடங்காது.

கோடுகள் வெட்டும் இடமெல்லாம் சந்திப்பு அல்ல. மேம்பாலமும் அடியில் போகும் சாலையும் படத்தில் வெட்டிக்கொள்ளும், நோடைப் பகிராது. வெட்டுப்புள்ளி கண்டுபிடித்து நீங்களாக முனை போட்டால், வண்டியைப் பாலத்திலிருந்து கீழே குதிக்கச் சொல்லும் வழிதான் வரும்.

நீளத்துக்கு அடுத்தடுத்த நோடுகளுக்கிடையே ஹேவர்சைன் தூரத்தை (பூமியை உருண்டையாகக் கொண்டு கணக்கிடும் தூரம்) கூட்டுங்கள். டிகிரியை வைத்துப் பிதாகரஸ் போடாதீர்கள்: நிலநடுக்கோட்டில் சுமார் 111 கி.மீ. உள்ள ஒரு தீர்க்கரேகை டிகிரி, 60 டிகிரி அட்சரேகையில் அதில் பாதிதான். எட்ஜின் எடை நேரமாக இருக்கட்டும். 300 மீட்டர், மணிக்கு 30 கி.மீ. என்றால் 36 விநாடி. வேக டேக்கில் அலகு இல்லையென்றால் மணிக்கு கி.மீ. என்று கொள்ளுங்கள்.

ஒருவழியைக் குறிக்கும் ‘ஒன்வே’ டேக்கின் மதிப்பு -1 என்றால் வரைந்த திசைக்கு எதிராகப் போக வேண்டும். ரவுண்டானாவில் அந்த டேக்கே இல்லாவிட்டாலும் ஒருவழிதான்.

‘இந்தச் சாலையிலிருந்து அந்தச் சாலைக்குத் திரும்பக் கூடாது’ என்ற தடையை இந்த கிராஃப்பில் சொல்ல முடியாது. எந்த எட்ஜிலிருந்து வந்தோம் என்பது முனைக்குத் தெரியாதே! எட்ஜ்களையே முனைகளாக்கி, அனுமதித்த திருப்பங்களை எட்ஜ்களாக்க வேண்டும். கிராஃப் பெரிதாகும், வேறு வழியில்லை.

கடைசியாக, வலுவாக இணைந்த பகுதிகளில் (உள்ளே எந்த முனையிலிருந்தும் எந்த முனைக்கும் போக முடிபவை) மிகப் பெரியதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் பயனர் தொட்ட புள்ளி தனித்தீவான ஒரு துண்டுச் சாலையில் ஒட்டிக்கொண்டு, ‘வழி இல்லை’ என்றே பதில் வரும்.