பச்சைச் சிப்பியின் ஹீமோசைட் ஈஸ்டை விழுங்குவதைப் பார்ப்பது எப்படி?

சிப்பிக்கு ஆன்டிபாடி கிடையாது. ஒருமுறை வந்த கிருமியை நினைவில் வைத்துக்கொள்ளும் லிம்போசைட்டும் கிடையாது. இரத்தம்போல் உடலெங்கும் ஓடும் ஹீமோலிம்பில் மிதக்கும் ஹீமோசைட் அணுக்கள்தான் அதன் முதன்மையான படை. அவை கிருமியை விழுங்கிச் செரிக்கும். இதைக் கல்லூரி ஆய்வகத்தில் இருக்கும் சாதாரண நுண்ணோக்கியிலேயே பார்க்கலாம்.

1. ஈஸ்டைத் தயார் செய்தல். பேக்கரி ஈஸ்டைக் கொதிநீரில் 15 நிமிடம் வைத்துக் கொன்று, காங்கோ சிவப்புச் சாயம் ஏற்றுங்கள். மேல்நீர் தெளியும்வரை வடிகட்டிய கடல்நீரில் கழுவுங்கள். உயிருள்ள விப்ரியோ பாக்டீரியாவோடு தொடங்க ஆசை வரும். வேண்டாம். ஈஸ்ட் பெரியது, சிவப்பாகத் தெரியும், யாருக்கும் நோய் தராது.

2. சிப்பி. தட்டினால் ஓட்டை இறுக மூடிக்கொள்வதை மட்டும் எடுங்கள். 6 முதல் 8 செ.மீ. நீளம் வசதி. ஐஸ் பெட்டியில் நெடுநேரம் கிடந்தது வேண்டாம்.

3. ஹீமோலிம்ப் எடுத்தல். எல்லோரும் தடுமாறுவது இங்கேதான். ஓட்டின் இடுக்கில் மெல்லிய கத்திமுனையை நுழைத்துச் சற்றே திறந்து, சிப்பியைக் கவிழ்த்து உள்ளே தேங்கிய கடல்நீரை முழுக்க வடித்துவிடுங்கள். இதைச் செய்யாவிட்டால் சிரிஞ்சில் ஏறுவது வெறும் கடல்நீர். அதில் அணுக்களைவிடக் குப்பைதான் அதிகம் இருக்கும். அப்புறம் அகன்ற முனைப் பக்கம் இருக்கும் பெரிய மூடுதசைக்குள் ஊசியை இறக்கி, மிக மெதுவாக இழுங்கள். வேகமாக இழுத்தால் அணுக்கள் சிதையும். வருவது லேசாகக் கலங்கியிருக்கும், சிவப்பாக இருக்காது. அரை மி.லி. கிடைத்தாலே தாராளம்.

ஊசி விஷயத்தில் நான் பிடிவாதக்காரன்: நீல அடிப்பகுதி கொண்ட 23 கேஜ். இன்சுலின் ஊசி மெல்லியது, தசைத் துணுக்கு அடைத்துக்கொள்ளும்.

4. ஆல்செவர் கரைசல் வேண்டுமா? ஹீமோசைட்டுகள் வெளியே வந்ததும் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும். அதைத் தடுக்க ஆல்செவர் கரைசலைச் சேர்க்கச் சொல்வார்கள். அணுக்களை எண்ணுவதற்கு அது சரி. விழுங்குவதைப் பார்ப்பதற்குச் சரிவராது. அதிலுள்ள சிட்ரேட்டும், கடல் உயிரிகளுக்கென மாற்றிய வகையில் கூடுதலாகச் சேர்க்கும் இடிடிஏ என்ற வேதிப்பொருளும் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துவைத்துக்கொள்ளும்; அவை இல்லாமல் அணுக்கள் கண்ணாடியில் ஒட்டாது, ஈஸ்டையும் சரியாகப் பிடிக்காது. ஆகவே கரைசல் எதுவும் கலக்காமல், எடுத்த கையோடு ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் விடுங்கள். ஈரத்துணி போட்ட மூடிய டப்பாவில் அரை மணி நேரம் வையுங்கள். அணுக்கள் போலிக்கால் நீட்டிப் படிந்துவிடும்.

5. விருந்து. ஒரு ஹீமோசைட்டுக்குச் சுமார் பத்து ஈஸ்ட் என்ற கணக்கில் சேர்த்து, அறை வெப்பநிலையில் ஒரு மணி நேரம். பிறகு கடல்நீரால் மெல்லக் கழுவி, மெத்தனாலில் நிலைப்படுத்தி, ஜீம்சா சாயம். கூடவே இன்னொரு தகட்டைப் பனிக்கட்டிமேல் வையுங்கள். குளிரில் விழுங்குவது வெகுவாகக் குறையும் என்பதால் அது ஒப்பீட்டுக்கு உதவும்.

6. எண்ணுதல். 200 அணுக்களை எண்ணி, எத்தனை சதவீதம் விழுங்கின என்று குறியுங்கள். மேலே ஒட்டியதையும் உள்ளே போனதையும் பிரிப்பதுதான் சிரமம். நுண்ணோக்கியின் நுண்குவியத் திருகை மெல்லத் திருப்புங்கள். அணுக்கருவோடு சேர்ந்தே தெளிவாகும் ஈஸ்ட் பெரும்பாலும் உள்ளே இருப்பது. சந்தேகமானதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். துகள்கள் நிறைந்த கிரானுலோசைட்டுகள்தான் அதிகம் தின்னும். துகளில்லாத ஹயலினோசைட்டுகள் மந்தம்.

இதே வேலையை 1882-இல் இத்தாலியின் மெசினா நகரில் விலங்கியலாளர் மெச்னிகாஃப் நட்சத்திரமீன் லார்வாவுக்குள் முள்ளைக் குத்திப் பார்த்தார். சாயம்கூடத் தேவைப்படவில்லை, லார்வா கண்ணாடிபோல் இருந்தது. நமக்கு அந்த வசதி இல்லை.

பின்சேர்க்கை 1: "எல்லா அணுவும் வெடித்துவிட்டது" என்று ஒருவர் எழுதியிருந்தார். விசாரித்தால், கழுவியது மருத்துவமனை சலைனில். அது 0.9 சதவீத உப்பு. கடல்நீரில் ஏறத்தாழ 3.5. சிப்பி வாழ்ந்த நீரையே 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்துப் பயன்படுத்துங்கள்.

பின்சேர்க்கை 2: உண்ணும் சிப்பியில் (ஆய்ஸ்டர்) கத்தி நுழையவில்லை என்று பலர் கேட்டீர்கள். நுழையாது. மூடுதசைக்கு நேரே ஓட்டின் விளிம்பை அரத்தால் தேய்த்துச் சிறு வெட்டு போட்டு, அதன் வழியே ஊசியை விடுங்கள். ஓட்டுத்தூளைக் கழுவிவிட்டுத்தான் குத்த வேண்டும்.

பின்சேர்க்கை 3: விழுங்கும் சதவீதம் குறைவாக வந்தால், ஹீமோலிம்பை சென்ட்ரிஃபியூஜில் சுழற்றி அணு நீக்கிய மேல்நீரில் ஈஸ்டை அரை மணி ஊறவைத்துக் கொடுத்துப் பாருங்கள். அதிலுள்ள லெக்டின் என்ற புரதங்கள் ஈஸ்டின் சர்க்கரைமேல் ஒட்டி, அணுவுக்கு அடையாளம் காட்டிக்கொடுக்கும்.