ஸ்பிரிங்கைக் கழற்றி அளந்த பிறகுதான் பெரிய டயர்

என் ஷெட்டின் மூலையில், வண்டியின் உடம்பை 4 அங்குலம் உயர்த்தும் லிஃப்ட் கிட் ஒன்று சாக்கில் சுற்றிக் கிடக்கிறது. காயில் ஸ்பிரிங் நான்கு, ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் நீள ஷாக் நான்கு. ஐந்து மாதம்தான் வண்டியில் இருந்தது. ஸ்டியரிங் இரண்டு பக்கமும் அலைந்தது. வேகமெடுத்தால் அடியிலிருந்து ஒரு ரீங்காரம். பள்ளத்தில் இறங்கினால் அப்போதும் டயர் மட்கார்டில் உரசியது. எதற்காக உயர்த்தினேனோ அதுவே தீரவில்லை. எல்லாவற்றையும் கழற்றி, முதலிலிருந்து அளந்து, 2 அங்குலத்தில் மறுபடி கட்டினேன். அந்த இரண்டாம் முறை செய்ததைத்தான் எழுதுகிறேன். என் நான்கு சக்கர இயக்க வண்டிக்கு முன்னும் பின்னும் முழு ஆக்சில் (இடது வலது சக்கரத்தை இணைக்கும் ஒரே இரும்புத் தண்டு), காயில் ஸ்பிரிங், தனி சேஸிஸ் (உடம்பைத் தாங்கும் அடிச்சட்டம்). ஒவ்வொரு சக்கரமும் தனியாக ஏறி இறங்கும் சஸ்பென்ஷன் என்றால் எங்கே வேறுபடும் என்பதையும் இடையில் சொல்கிறேன்.

முதலில் டயரை முடிவு செய்யுங்கள், லிஃப்ட்டை அல்ல. முழு ஆக்சில் வண்டியில், ஆக்சிலில் பல்சக்கரங்கள் அடங்கிய குடமான டிஃபரன்ஷியலுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியைக் கூட்டுவது டயர் மட்டுமே. லிஃப்ட் உடம்பைத் தூக்கும், ஆக்சிலைத் தூக்காது. டிஃபரன்ஷியல் குடம் ஒரு பாறையில் இடிக்கிறது என்றால், 10 அங்குலம் லிஃப்ட் போட்டாலும் அதே பாறையில்தான் இடிக்கும். லிஃப்ட் தருவது வேறு: பம்பர் முட்டாமல் மேட்டில் ஏறலாம், நடுவயிறு தட்டாமல் மேட்டைத் தாண்டலாம், பெரிய டயர் சுழல இடம் கிடைக்கும்.

டயர் கணக்கு எளிது. என் பழைய டயர் 245/70 ஆர்16. அகலம் 245 மி.மீ., பக்கச்சுவர் அதில் 70 சதவீதம், அதாவது 171.5. மேலும் கீழும் சேர்த்து 343. ரிம் 16 அங்குலம் என்றால் 406.4. மொத்த விட்டம் 749 மி.மீ. புதிதாகப் போட நினைத்தது 265/75 ஆர்16. அதே கணக்கில் 804 மி.மீ. வித்தியாசம் 55. அதில் பாதிதான் ஆக்சிலுக்குக் கிடைக்கும், ஏனென்றால் மீதிப் பாதி ஆக்சிலுக்கு மேலே போய்விடும். ஆகக் கிடைத்தது 27 மி.மீ. கேட்பதற்குச் சொற்பம். பாறையில் நின்று பார்த்தால் அந்த ஒரு அங்குலம் பெரிய விஷயம்.

அதற்குக் கொடுக்கும் விலையையும் பாருங்கள். விட்டம் 7.3 சதவீதம் கூடினால் மீட்டர் 100 காட்டும்போது வண்டி உண்மையில் 107-ல் ஓடும். ஆக்சில் ரேஷியோ, அதாவது சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற ஆக்சிலுக்கு வரும் ஷாஃப்ட் சுற்றும் எண்ணிக்கை, 4.10 என்றால் 3.82 போல நடந்துகொள்ளும். மேட்டில் ஒரு கியர் முன்னதாகவே இறக்க வேண்டிவரும். ரேஷியோவை மாற்றுவதென்றால் முன், பின் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு நான்கு சக்கர இயக்கத்தில் போட்டால், முன் பின் ஆக்சிலுக்குச் சக்தியைப் பிரித்துத் தரும் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் போய்விடும். நான் மாற்றவில்லை. 7 சதவீதத்தோடு வாழ முடிகிறது.

எடையை நிறையப் பேர் பார்ப்பதில்லை. ஆளை நிறுக்கும் தராசில் என் பழைய டயரை நிறுத்தேன், 16 கிலோ. புதியது 23. ஒரு சக்கரத்துக்கு 7 கிலோ கூடியிருக்கிறது, அதுவும் சுழலும் எடை, ஸ்பிரிங்குக்குக் கீழே உள்ள எடை. பிரேக் பழைய பிரேக்தான். டயர் மாற்றிய முதல் வாரம் முன்னால் போகிற வண்டியோடு கூடுதல் இடைவெளி விட்டே ஓட்டினேன், இன்றுவரை அப்படித்தான் ஓட்டுகிறேன்.

ஸ்டெப்னியை மறந்துவிடாதீர்கள். ஐந்தாவது டயரும் அதே அளவில் வாங்க வேண்டும். எப்போதும் நான்கு சக்கரமும் இயங்கும் வண்டியில் ஒரு சக்கரம் மட்டும் சிறியதாக இருந்தால் டிஃபரன்ஷியல்கள் ஓயாமல் அரைபடும். பின்கதவில் தொங்கும் ஸ்டெப்னி என்றால் கீல் அந்த எடையைத் தாங்குமா என்றும் பாருங்கள்.

ரிம்மில் ஆஃப்செட் என்று ஓர் எண் அச்சடித்திருக்கும். ரிம்மின் நடுக்கோட்டுக்கும், சக்கரம் மாட்டும் ஹப்பில் உட்காரும் முகத்துக்கும் உள்ள தூரம் அது. அந்த எண் குறையக் குறைய சக்கரம் வெளியே தள்ளி நிற்கும். பார்க்கக் கம்பீரமாக இருக்கும். ஆனால் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது டயர் பெரிய வட்டமாகச் சுற்றி வந்து பம்பர் ஓரத்திலும் மட்கார்டின் பின்மடிப்பிலும் உரசும், பேரிங்கிலும் பாரம் ஏறும். எண் கூடினால் உள்ளே சேஸிஸில் தேய்க்கும். என் பழைய 7 அங்குல ரிம்மே புதிய டயருக்குப் பொருந்தியதால் மாற்றவில்லை.

இனி முக்கியமான சங்கதி. முதல் முறை எனக்குப் புரியாமல் போனது இதுதான்.

லிஃப்ட் போட்டால் வண்டி நிற்கும்போது டயருக்கு மேலே நிறைய இடம் தெரியும். ஆனால் சக்கரம் பாறையில் ஏறி ஸ்பிரிங் முழுவதும் அமுங்கும்போது ஆக்சிலைத் தடுத்து நிறுத்துவது பம்ப் ஸ்டாப் என்கிற அந்த ரப்பர் கட்டை. அதை மாற்றாத வரை, ஸ்பிரிங் எத்தனை நீளமானாலும் ஆக்சில் மேலே வந்து நிற்கும் இடம் பழைய இடமேதான். 4 அங்குல கிட்டோடும் என் டயர் உரசியதற்கு இதுவே காரணம். அதனால் கிட் வாங்கும் முன் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். கிட்டத்தட்ட ஒரு நாள் ஆகும்.

சமதளத்தில் நிறுத்துங்கள். முதலில் நான்கு மூலையிலும் ஹப்பின் நடுவிலிருந்து, சக்கரத்துக்கு மேலே வளைந்திருக்கும் வீல் ஆர்ச்சின் விளிம்பு வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். தரையிலிருந்து அளக்காதீர்கள், காற்று குறைந்தாலும் டயர் மாறினாலும் அந்தக் கணக்கு கெட்டுவிடும். பிறகு சேஸிஸைத் தூக்கி ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் தலையை விடாதீர்கள். ஆக்சிலுக்கு அடியில் ஜாக்கியைக் கொடுத்து, ஷாக்கின் கீழ்ப்போல்ட்டையும் வளைவில் உடம்பு சாய்வதைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் பாரின் இணைப்பையும் கழற்றி, மெதுவாக இறக்குங்கள். காயில் தானாகத் தளர்ந்து கையில் வந்துவிடும். தனித்தனி சஸ்பென்ஷனில் பெரும்பாலும் ஸ்பிரிங் ஷாக்கோடு சேர்ந்து அமுக்கிக் கட்டியிருக்கும். ஷாக்கின் தலையில் உள்ள நட்டை, ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கம்ப்ரஸர் இல்லாமல் தொட்டால் ஸ்பிரிங் பாய்ந்து அடிக்கும். அந்த ஒரு வேலையை ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.

ஸ்பிரிங் இல்லாத ஆக்சிலில் புதிய டயரை மாட்டுங்கள். டயர் வாங்குவதற்கு முன்பே பார்க்க வேண்டுமென்றால் அதே அளவு டயர் போட்டிருக்கும் நண்பரிடம் ஒன்றை இரவல் கேளுங்கள். ஒரு பக்கத்தை மட்டும் ஜாக்கியால் பம்ப் ஸ்டாப் அமுங்கும் வரை தூக்குங்கள், மறுபக்கம் தொங்கட்டும். அந்த நிலையில் ஸ்டியரிங்கை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை திருப்புங்கள். எங்கே இடிக்கும் என்று சந்தேகப்படுகிறீர்களோ அங்கெல்லாம் பிள்ளைகள் விளையாடும் களிமண்ணை உருட்டி ஒட்டிவிடுங்கள். டயர் அதை எவ்வளவு அமுக்கியிருக்கிறது என்று பிறகு ஸ்கேல் வைத்து அளந்துவிடலாம். என் வண்டியில் முன் மட்கார்டின் பின்மடிப்பில் 18 மி.மீ. இடித்தது, வேறெங்கும் இல்லை. பம்ப் ஸ்டாப்புக்கு அடியில் 25 மி.மீ. இரும்புக் கட்டை கொடுத்தேன், மட்கார்டின் உள்மடிப்பை ஓரங்குலம் மடக்கினேன். தீர்ந்தது. இதற்கு 4 அங்குலம் தேவையே இல்லை என்பது அன்றைக்குத்தான் விளங்கியது.

அதே வேளையில் இன்னும் இரண்டு அளவு எடுத்துக்கொள்ளுங்கள். ஆக்சில் முழுவதும் மேலே இருக்கும்போது ஷாக்கின் இரண்டு போல்ட்டுகளுக்கும் உள்ள தூரம். முழுவதும் தொங்கும்போது உள்ள தூரம். வாங்கும் ஷாக் மடங்கிய நிலையில் முதல் அளவைவிடக் குறைந்தது 15 மி.மீ. குட்டையாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பம்ப் ஸ்டாப்புக்கு முன்பே ஷாக் முட்டி உடையும். தொங்கும் போது ஆக்சிலைப் பிடித்து நிறுத்துவது ஷாக்காக இருக்க வேண்டும், பிரேக் ஹோஸாக அல்ல. முதல் முறை என் பின் பிரேக் ஹோஸ் வீணைக் கம்பி போல விறைத்து நின்றது. அதைப் பார்க்காமலே ஐந்து மாதம் ஓட்டியிருக்கிறேன். நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. நீள ஹோஸ் போடுங்கள். ஏபிஎஸ் ஒயர், டிஃபரன்ஷியலின் மூச்சுக்குழாய் இரண்டும் இழுபடுகிறதா என்றும் பாருங்கள்.

ஸ்பிரிங் வாங்கும்போது உயரத்தைவிட எடை முக்கியம். வின்ச், இரும்பு பம்பர் சுமக்கும் வண்டிக்கான ஸ்பிரிங்கை வெறும் வண்டியில் போட்டால் ஆடு மாதிரி குதிக்கும், சொன்ன உயரத்தைவிடக் கூடுதலாகவும் நிற்கும். சில கிட்டுகளில் இடது வலது ஸ்பிரிங் வேறு வேறு நீளம், குறியைப் பார்த்து மாட்டுங்கள். பட்டை ஸ்பிரிங் வண்டி என்றால்: பட்டையின் முனையைச் சேஸிஸோடு இணைக்கும் ஷேக்கிளை 2 அங்குலம் நீட்டினால் வண்டி ஓரங்குலம்தான் ஏறும். பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவே கட்டை வைப்பது பின்னால் மட்டும், முன் ஆக்சிலில் வேண்டவே வேண்டாம், கட்டை மேல் கட்டையும் வேண்டாம். ஒவ்வொரு சக்கரமும் மேலும் கீழும் இரண்டு ஆர்மில் நிற்கும் இரட்டை விஷ்போன் வண்டியில் ஷாக்கின் தலையில் வைக்கும் ஸ்பேசரின் கனத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு சக்கரத்தில் உயரும். அங்கே ஆக்சில் ஷாஃப்டில் வளைந்தபடி சுழலும் சிவி ஜாயின்ட்டின் கோணமும் ஆர்ம் முனையின் பால் ஜாயின்ட்டும் சீக்கிரமே எல்லையைத் தொட்டுவிடும். 2 அங்குலத்தைத் தாண்டினால் மேல் ஆர்மையும் மாற்ற வேண்டி வரும்.

மாட்டும்போது ஒரே ஒரு விதி, மற்றதெல்லாம் கழற்றியதைத் திருப்பிச் செய்வதுதான். ரப்பர் புஷ் (துளைக்குள் இருக்கும் ரப்பர் உருளை) உள்ள எந்தப் போல்ட்டையும் ஆக்சில் தொங்கும்போது முழுதாக இறுக்காதீர்கள். கையால் முடுக்கி விடுங்கள், அவ்வளவுதான். வண்டியை இறக்கி, நான்கு சக்கரத்தில் நிற்கவைத்து, பம்பரைப் பிடித்து நாலு முறை குலுக்கி, அதற்குப் பிறகு சர்வீஸ் புத்தகத்தில் உள்ள அளவுக்கு இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். தொங்கும்போது இறுக்கினால் புஷ்ஷின் ரப்பர் அந்த நிலையிலேயே கவ்விக்கொள்ளும்; வண்டி இறங்கியதும் முறுக்கிக்கொண்டே நிற்கும். முதல் கிட்டைக் கழற்றியபோது என் ஆர்ம் புஷ் ஆறில் நான்கு கிழிந்திருந்தன.

அடுத்தது கோணங்கள். முன் ஆக்சிலிலிருந்து பின்னோக்கிச் சேஸிஸுக்குப் போகும் ரேடியஸ் ஆர்ம் உள்ள வண்டியில் உடம்பு உயர்ந்தால் முன் ஆக்சில் முன்பக்கம் கவிழும். ஆர்ம் 900 மி.மீ. நீளம், லிஃப்ட் 50 மி.மீ. என்றால் ஏறக்குறைய 3 டிகிரி. அத்தனையும் கேஸ்டரிலிருந்து, அதாவது சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணத்திலிருந்து, கழியும். கேஸ்டர் குறைந்தால் வளைவு முடிந்ததும் ஸ்டியரிங் தானாகத் திரும்பி வராது, நேர் ரோட்டில் அலையும். 4 அங்குலத்தில் நான் பட்ட பாடு அதுதான். துளை விலகிய கேஸ்டர் புஷ் போட்டு இதைச் சரிசெய்யலாம். ஆனால் ஆக்சிலைப் பின்பக்கம் திருப்பினால் டிஃபரன்ஷியலில் ஷாஃப்ட் சேரும் பினியன் மூக்கு கீழே போகும், ட்ரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து அங்கே வரும் முன் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் கோணம் மோசமாகும். ஒன்றைக் கூட்டினால் மற்றது குறையும் சமாச்சாரம் இது. 2 அங்குலத்தில் இரண்டுக்கும் இடம் இருக்கிறது. 4-ல் இரட்டை ஜாயின்ட் ஷாஃப்ட் வரை செலவு இழுத்துக்கொண்டு போகும். என் ரீங்காரம் பின் ஷாஃப்டிலிருந்து வந்தது. உயரத்தைக் குறைத்ததும் நின்றுவிட்டது.

ஆக்சிலைப் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் பான்ஹார்ட் ராடு சாய்ந்ததால் முன் ஆக்சில் 8 மி.மீ. ஒரு பக்கம் நகர்ந்திருந்தது. நீளம் மாற்றக்கூடிய ராடு போட்டு நடுவுக்குக் கொண்டுவந்தேன். ராடின் சாய்வும், ஸ்டியரிங் பெட்டியிலிருந்து சக்கரத்துக்குப் போகும் ட்ராக் லிங்கின் சாய்வும் ஒன்றுபோல இருக்கட்டும், இல்லையென்றால் ஒவ்வொரு குழியிலும் ஸ்டியரிங் தானாகத் திரும்பும்.

எல்லாம் முடிந்ததும் வீல் அலைன்மென்ட். கேஸ்டர், கேம்பர் (சக்கரம் உள்ளே வெளியே சாயும் கோணம்), டோ (சக்கரங்களின் முன்பக்கம் உள்ளே வெளியே திரும்பியிருக்கும் அளவு) ஆகிய மூன்று எண்களையும் அச்சடித்துக் கேட்டு வாங்குங்கள், டோ மட்டும் பார்த்து அனுப்பிவிடுவார்கள். ஹெட்லைட்டைக் கீழே இறக்குங்கள், எதிரே வருபவர் கண் கூசும். உங்கள் நாட்டுச் சட்டத்தில் டயர் அளவுக்கும் உயரத்துக்கும் வரம்பு இருக்கலாம். பதிவு அலுவலகத்திலும் இன்சூரன்ஸிலும் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்வது, முடிந்தால் கிட் வாங்கும் முன்பே, நல்லது. ஈர்ப்பு மையம் மேலே போய்விட்டது என்பதை முதல் வளைவிலேயே முதுகு சொல்லும்.

இறுக்கிய ஒவ்வொரு நட்டின் மேலும் போல்ட்டையும் தொட்டுக்கொண்டு வெள்ளைப் பெயின்டால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். சக்கர நட்டை 100 கி.மீ.யில் மறுபடி இறுக்குங்கள். 500 கி.மீ.யில் டார்ச்சோடு அடியில் படுத்து எல்லாக் கோடுகளையும் பாருங்கள், ஹப்பிலிருந்து ஆர்ச் வரை பழையபடி அளந்து ஸ்பிரிங் எவ்வளவு உட்கார்ந்திருக்கிறது என்றும் குறித்துக்கொள்ளுங்கள். என் வண்டியில் நான்கு மூலையும் 6 மி.மீ. இறங்கியிருந்தது. பின் வலது மேல் ஆர்ம் போல்ட்டின் கோடு மட்டும் நகக்கண் அளவு விலகியிருந்தது. இறுக்கினேன், பழைய கோட்டைத் துடைத்துவிட்டுப் புதுக் கோடு போட்டேன்.