சி-யில் எழுதிய குட்டி வெப் சர்வரை டாக்கர் கண்டெய்னரில் ஓட்டுவது எப்படி?

லேப்டாப்பில் ஒழுங்காக ஓடிய சி சர்வர், கண்டெய்னருக்குள் (டாக்கர் ஒரு புரோகிராமைத் தனியாகப் பிரித்து ஓட்டும் பெட்டி) போனதும் மக்கர் பண்ணும். பக்கம் வராது, லாக் வராது, நிறுத்தச் சொன்னால் நிற்காது. காரணம் எளிது. கண்டெய்னருக்குள் உங்கள் புரோகிராமைச் சுற்றி வேறெதுவும் ஓடுவதில்லை. வழக்கமான லினக்ஸ் அமைப்பு நமக்காகச் சத்தமில்லாமல் செய்துவந்த சில வேலைகளை இனி நம் கோடே செய்தாக வேண்டும். அவை எவை என்று தெரிந்துகொண்டால் மீதி எல்லாம் சுலபம்.

கட்டளைகளையும் ஃபங்ஷன் பெயர்களையும் உச்சரிப்புப்படி எழுதுகிறேன். எடிட்டரில் அவற்றின் வழக்கமான எழுத்துகளையே தட்டுங்கள்.

படி 1: சாக்கெட்டைத் திறப்பது

ஒரே ஒரு சி ஃபைல் போதும். வரிசை இதுதான்: சாக்கெட், பைண்ட், லிசன். பிறகு ஒரு லூப், அதற்குள் அக்செப்ட், ரீட், ரைட், குளோஸ். த்ரெட் எதுவும் இப்போது வேண்டாம். ஒரு நேரத்தில் ஒருவருக்குப் பதில் சொன்னால் போதும்.

பைண்ட் செய்யும் இடத்தில் மட்டும் நிதானமாக இருங்கள். போர்ட் எண்ணை, பைட் வரிசையை நெட்வொர்க்குக்கு ஏற்ப மாற்றும் எச்டான்ஸ் ஃபங்ஷன் வழியாகத்தான் கொடுக்க வேண்டும். நெட்வொர்க்கில் பெரிய பைட் முதலில் வரும். நம் இன்டெல் மெஷின்களில் சின்ன பைட் முதலில் வரும். எச்டான்ஸ் இல்லாமல் 8080 என்று நேராகக் கொடுத்தால் இரண்டு பைட்டும் இடம் மாறி, சர்வர் 36895-ஆம் போர்ட்டில் போய் உட்கார்ந்துகொள்ளும். எர்ரர் எதுவும் வராது என்பதுதான் இதில் கொடுமை.

அட்ரஸ் 0.0.0.0 ஆக, அதாவது எல்லா நெட்வொர்க் முகவரிகளிலும் கேட்பதாக, இருக்கட்டும். கண்டெய்னருக்கென்று தனி நெட்வொர்க் உண்டு, தனி லூப்பேக்கும் (தனக்குத்தானே பேசிக்கொள்ளும் முகவரி, 127.0.0.1) உண்டு. 127.0.0.1-இல் பைண்ட் செய்தால் கண்டெய்னருக்கு உள்ளே இருப்பவர் மட்டுமே பேச முடியும். வெளியே எந்தப் போர்ட்டைத் திறந்துவிட்டாலும் பிரவுசரில் பக்கம் வராது.

படி 2: பதிலை எழுதுவது

முதலில் ஸ்டேட்டஸ் வரி, அடுத்து கன்டென்ட்-டைப், கன்டென்ட்-லெங்த், பிறகு ஒரு காலி வரி, அதன் பின் பக்கம். ஒவ்வொரு ஹெடர் வரியும் கேரேஜ் ரிட்டர்ன், நியூலைன் இரண்டோடும் முடிய வேண்டும்.

தமிழில் பக்கம் போடுபவர்கள் கன்டென்ட்-லெங்த்தைக் கவனியுங்கள். அது எழுத்துகளின் எண்ணிக்கை அல்ல, பைட்களின் எண்ணிக்கை. "வணக்கம்" கண்ணுக்கு ஐந்து எழுத்து. யூனிகோடில் புள்ளிகளையும் சேர்த்து ஏழு குறியீடுகள். யுடிஎஃப்-8-இல் ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 21. லெங்த் 5 என்று போட்டால் பிரவுசருக்கு "வ" முழுதாகப் போகும், "ண"-வில் இரண்டு பைட் மட்டும் போய், கேள்விக்குறிக் கட்டமாக நிற்கும். கையால் எண்ணவே எண்ணாதீர்கள், ஸ்டர்லென் பைட்டைத்தான் எண்ணித் தருகிறது. கன்டென்ட்-டைப்பில் கேரக்டர்செட் யுடிஎஃப்-8 என்று சேர்க்கவும் மறக்க வேண்டாம்.

படி 3: நிறுத்தச் சொன்னால் நிற்க வைப்பது

பெரும்பாலான பாடங்கள் இதைத் தொடாமலே போய்விடுகின்றன. எனக்கோ இதுதான் மிக முக்கியமான படி.

கண்டெய்னருக்குள் உங்கள் சர்வர்தான் 1-ஆம் எண் பிராசஸ். லினக்ஸ் கெர்னல் அந்த எண்ணுக்குத் தனிச் சலுகை தருகிறது: அது கையாளாத சிக்டெர்ம் சிக்னல் ("நின்றுகொள்" என்ற வேண்டுகோள்) அதைக் கொல்லாது. டாக்கர் ஸ்டாப் கொடுத்தால் முதலில் சிக்டெர்ம் போகும், சர்வர் அசையாது. 10 விநாடி காத்திருந்துவிட்டு, மறுக்கவே முடியாத சிக்கில் சிக்னலை டாக்கர் அனுப்பிக் கொன்றுவிடும். எக்ஸிட் கோடு 137 என்று வந்தால் நடந்தது இதுவாக இருக்கலாம். பாதி அனுப்பிய பதில் பாதியிலேயே அறுந்துபோகும்.

சிக்ஆக்‌ஷன் கொண்டு சிக்டெர்முக்கு ஒரு ஹேண்ட்லர் (சிக்னல் வந்ததும் ஓடும் ஃபங்ஷன்) வையுங்கள். அதற்குள் ஒரே வேலைதான்: வோலட்டைல் சிக்அட்டாமிக் வகை மாறி ஒன்றை 1 ஆக்குவது. தடைபட்ட அழைப்பைத் தானாகத் தொடர வைக்கும் ரீஸ்டார்ட் ஃபிளாக் போடாதீர்கள். அப்போதுதான் காத்துக்கிடக்கும் அக்செப்ட் பாதியில் எழுந்து -1 தரும், லூப் அந்த மாறியைப் பார்த்து வெளியே வரும். பழைய சிக்னல் ஃபங்ஷனைப் பயன்படுத்தினால் சி லைப்ரரி தானாகவே ரீஸ்டார்ட் போட்டுவிடும். அக்செப்ட் மறுபடியும் காத்திருக்கப் போய்விடும்.

படி 4: லாக்

பிரிண்ட்எஃப் எழுதுவது டெர்மினலுக்குப் போனால் வரிக்கு வரி தெரியும். கண்டெய்னரில் அது பைப்புக்குப் போவதால் பஃபர் நிரம்பும்வரை உள்ளேயே கிடக்கும், டாக்கர் லாக்ஸ் காலியாக இருக்கும். மெயினின் முதல் வரியிலேயே செட்விபஃப் மூலம் லைன் பஃபரிங் போட்டுவிடுங்கள்.

படி 5: டாக்கர்ஃபைல்

டாக்கர்ஃபைல் என்பது இமேஜை, அதாவது கண்டெய்னர் எதிலிருந்து ஓடுகிறதோ அந்தப் பொதியை, எப்படிக் கட்டுவது என்று சொல்லும் ஃபைல். சி கம்பைலரான ஜிசிசியின் அதிகாரப்பூர்வ இமேஜ் 1 ஜிபிக்கும் மேல். சில நூறு வரி சர்வருக்காக அதைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். இரண்டு கட்டமாகக் கட்டலாம்.

முதல் கட்டம் ஆல்பைன் என்ற குட்டி லினக்ஸ். அதன் ஏபிகே நிறுவி மூலம் ஜிசிசி, மசில்-டெவ் (ஆல்பைனின் சி லைப்ரரி ஃபைல்கள்) இரண்டையும் நிறுவுங்கள். சி ஃபைலைக் காப்பி செய்து, ‘-ஸ்டேட்டிக்’ சேர்த்து கம்பைல் செய்யுங்கள். இரண்டாம் கட்டம் ஸ்க்ராட்ச், அதாவது முழுக் காலி. அதற்குள் பைனரியை மட்டும் காப்பி செய்யுங்கள். யூசர் 65534 என்று எண்ணாகவே கொடுங்கள். யூசர் பெயர்களை வைத்திருக்கும் பாஸ்வேர்ட் ஃபைலே இல்லாத இடத்தில் பெயரைத் தேட முடியாது. எதை ஓட்ட வேண்டும் என்று சொல்லும் சிஎம்டி வரியைச் சதுர அடைப்புக்குறி வடிவத்தில் எழுதுங்கள். சாதாரணமாக எழுதினால் டாக்கர் ஷெல்லைத் தேடும், இங்கே ஷெல் கிடையாது.

‘-ஸ்டேட்டிக்’ விட்டுப்போனால் "அப்படி ஒரு ஃபைலே இல்லை" என்று எர்ரர் வரும். பைனரி அங்கேதான் இருக்கிறது. இல்லாதது அதை ஏற்றிவிடும் டைனமிக் லோடர். அந்தச் செய்தி லோடரின் பெயரைச் சொல்லாததால்தான் பலரும் குழம்புகிறார்கள்.

படி 6: ஓட்டிப் பார்ப்பது

டாக்கர் பில்ட் செய்து, டாக்கர் ரன் கட்டளையில் ‘-பி 8080:8080’ கொடுங்கள். இடது எண் உங்கள் மெஷினுடையது, வலது கண்டெய்னருடையது. டாக்கர்ஃபைலில் எக்ஸ்போஸ் எழுதினால் மட்டும் போர்ட் திறக்காது, அது வெறும் குறிப்பு. கர்ல் ‘-ஐ’ போட்டு ஹெடர்களைச் சரிபாருங்கள். பிறகு டாக்கர் ஸ்டாப். உடனே நின்று எக்ஸிட் கோடு 0 வந்தால் படி 3 சரி.

ஆப்பிள் எம்-சிப் மேக்கில் பில்ட் செய்து இன்டெல் சர்வருக்கு அனுப்புகிறீர்களென்றால் ‘--பிளாட்ஃபார்ம் லினக்ஸ்/ஏஎம்டி64’ அவசியம். இல்லையென்றால் அங்கே எக்ஸெக் ஃபார்மட் எர்ரர்தான்.

பொது இணையத்தில் வைக்கும்போது ‘-பி 127.0.0.1:8080:8080’ என்று மாற்றுங்கள். உபுண்டுவில் யுஎஃப்டபிள்யூ ஃபயர்வால் போர்ட்டை மூடியிருந்தாலும், டாக்கர் தன் ஐபிடேபிள்ஸ் விதிகளை அதற்கு முன்பே சேர்த்துவிடுவதால் போர்ட் திறந்தே கிடக்கும். முன்னால் என்ஜின்எக்ஸ், கேடி போன்ற ஒரு வெப் சர்வரை அதே மெஷினில் வைத்து எச்டிடிபிஎஸ் வேலையை அதனிடம் விடுங்கள். ‘--ரீஸ்டார்ட் அன்லெஸ்-ஸ்டாப்ட்’ சேர்த்தால், டாக்கர் சேவை மெஷினோடு தொடங்கும்படி அமைந்திருக்கும் வரை, ரீபூட் ஆனாலும் சர்வர் தானே எழுந்துவிடும்.